செவுத்தம்மனுக்கு ஒரு பாலாலயம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி, தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கையில் டேப்லட், கழுத்தில் அட்டை, போக வர வண்டி. நான் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது ஒரு விசில். இது எதற்கு என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டேன். ஊதுவதற்கு என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

கொசு மருந்து, குப்பை வண்டி, உணவகச் சோதனை இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து பட்டுக்கடைகளுக்குப் போகிற வழியில் நம் அலுவலகத்துக்குச் சொந்தமான பழைய கிடங்கு ஒன்று இருந்தது. அதன் வெளிச்சுவரில்தான் ஊரே ஒண்ணுக்கு அடித்தது. சிறுநீர் கழித்தது என்று மரியாதையாக எழுதலாம். ஆனால் அங்கே எதுவும் மரியாதையாக நடக்கவில்லை.

யார் என்று நினைக்கிறீர்கள்? குடிகாரர்கள் என்று நினைத்தால் தப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். பெண்கள் மாடிக்குப் போய்ப் புடவைகளை விரித்துப்போட்டு உட்கார்ந்தால் அரை நாள் ஆகும். ஆண்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கீழே வருவார்கள், ஒரு டீ குடிப்பார்கள், வெயிலைத் திட்டுவார்கள், இன்னொரு டீ குடிப்பார்கள். அப்புறம் நேராகச் சுவர்தான். அவர்களோடு வேன் டிரைவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள், ஏனாத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பையன்கள். ஜரிகை வேட்டியும் ஜீன்ஸும் தோளோடு தோள் நின்ற இடம் அது.

சரி, பெண்கள்? புடவை எடுக்க வந்த பெண்கள், கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற விற்பனைப் பெண்கள், பூக்காரிகள், இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? என் வேலைக்காலத்தில் எந்தக் கூட்டத்திலும் யாரும் இதைக் கேட்டதில்லை. சுவர் நாறியது, அதனால் அது பிரச்சினை. பெண்கள் அடக்கிக்கொண்டார்கள், அதனால் அது பிரச்சினையே இல்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

சுவருக்காக நாங்கள் செய்யாதது இல்லை. தடை என்று பலகை வைத்தோம். பலகைக்குப் பின்னால் நல்ல மறைவு கிடைத்ததென்று அங்கேயே நின்றார்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டினோம். அதன்மேல் படம் வரைந்தார்கள். பெண் ஆய்வாளரை அனுப்பினால் வெட்கப்பட்டு ஓடுவார்கள் என்று அலுவலகத்தில் யாருக்கோ தோன்ற, விசிலோடு நான் போய் நின்றேன். யாரும் ஓடவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்த முடியாதல்லவா? கழுத்தை மட்டும் திருப்பி, தோ முடிஞ்சிச்சும்மா என்பார்கள். டீக்கடைக்காரர்தான் எனக்கு உதவினார். என் தலையைக் கண்டதும் எஸ்.ஐ. வராங்க என்று குரல் கொடுப்பார். சானிட்டரி இன்ஸ்பெக்டரை நாம் அப்படித்தானே சுருக்குகிறோம். வெளியூர்க்காரர்கள் போலீஸ் என்று நினைத்து வேட்டியை நனைத்துக்கொண்டு ஓடுவார்கள். என் விசிலைக் கண்டு அப்படி ஒருவரும் ஓடியதில்லை.

ஒருநாள் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தேன். பக்கத்திலேயே வருங்கால மாமனாரும் நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் பையன், விட்டுவிடுங்கள் என்று பெரியவர் கெஞ்சினார். நான் பையனிடம் ஒன்றுதான் கேட்டேன். "காலையிலேர்ந்து உனக்குப் பார்த்த பொண்ணு மேல உக்காந்திருக்குது. அது எங்க போச்சுன்னு கேட்டியாப்பா?" பையன் திருதிருவென்று விழித்தான். பிறகு மேலே போய் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் எதிரே பூட்டுக்கடை பாய் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாய் வீட்டம்மா எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார். அந்தத் தெருவில் பெண்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அந்த வழியைப் பயன்படுத்தத் தயங்கினவள் பவுனு. பாய் கடைக்குப் பக்கத்திலேயே, சுவரைப் பார்த்தமாதிரி உட்கார்ந்து பூ விற்பாள். முசரவாக்கத்திலிருந்து விடியும்போது கிளம்பி வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். கூடைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கும். நாள் முழுக்க அதிலிருந்து பூவுக்குத் தெளித்துக்கொண்டே இருப்பாள். சித்திரை வெயிலிலும் அதிலிருந்து ஒரு வாய் அவள் குடித்து நான் பார்த்ததில்லை. பாய் வீடு இருக்கிறதே என்றால், ஒரு நாளைக்கு ஒரு தடவை போகலாம், அதற்குமேல் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பாள். அந்த ஒரு தடவையையும் பல நாள் மிச்சம் பிடித்துவிடுவாள்.

இந்த நேரத்தில்தான் பட்டுக்கடைக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிவிட்டால் எவன் நிற்பான்? எங்கள் அலுவலக ஆணையர் சின்ன வயதுக்காரர், நல்லவர், புதிதாக வந்திருந்தார். சரி என்றார். கொத்தனார் வந்து ஒரே நாளில் பிள்ளையார், முருகர், அம்மன், ஒரு சிலுவை, ஒரு பள்ளிவாசல் என்று வரிசையாக ஒட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒருவரும் நிற்கவில்லை. சுவர் காய்ந்தது. எங்கள் விசிலையும் பலகையையும் நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைதான். பூட்டுக்கடை பாய் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க மேல வருத்தமில்ல மேடம். ஆனா எந்த எடத்துல, எதுக்காக வெச்சிருக்காங்க பாருங்க. எவனாச்சும் குடிச்சிட்டு வந்து அதுமேல அடிச்சான்னா, நாளைக்கு இந்தத் தெருவு இன்னா ஆவும்?" என்றார். தெரு தெருவாக என்னென்ன மாதிரி ஆட்கள் சண்டை மூட்டக் காரணம் தேடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆணையரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கொத்தனாரைக் கையோடு கூட்டிப் போய்ப் பள்ளிவாசலையும் சிலுவையையும் பெயர்த்து எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மேலே தகவல் சொன்னேன். பள்ளிவாசல் டைலைப் பாய் துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் தன் கல்லாவுக்கு மேலே வைத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம் என்றேன். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மதிப்பு வாய்ந்த ஒன்றை அசிங்கத்துக்குக் காவல் வைக்கும்போது, காவல் தோற்கிற நாளையும் யோசித்துவிட்டு வையுங்கள்.

அடுத்த ஐப்பசி மழையில் பிள்ளையாரும் முருகரும் பெயர்ந்து விழுந்தார்கள். அம்மன் மட்டும் அசையவில்லை. கொத்தனார் அங்கே கொஞ்சம் தாராளமாகச் சிமெண்ட் வைத்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் வேறு மாதிரி புரிந்துகொண்டது.

முதலில் பவுனுதான் கூடையைச் சுவரோரமாக மாற்றினாள். நாற்றம் போய்விட்டது, நிழலும் இருந்தது. விற்காமல் மிஞ்சிய பூவில் ஒரு முழம் அம்மனுக்கு வைப்பாள். அப்புறம் மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், ஒரு அகல் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தகரக் கூரை போட்டார்கள். ஸ்ரீ செவுத்தம்மன் துணை என்று பலகை எழுதினார்கள். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். விழாக்குழுத் தலைவர் யார் தெரியுமா? ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற குமார். அவனை அதே சுவரில் நான் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். எனக்கே ஒரு குவளை கூழ் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக் குடித்தேன், நன்றாகவே இருந்தது. கோயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் நாங்களும் சேர்ந்து ஒன்று கட்டியிருந்தோம்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் பவுனு கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. குமார் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். சிறுநீரில் கிருமி, ரொம்ப நாளாக அடக்கி அடக்கி மேலே ஏறியிருக்கிறது என்றார் மருத்துவர். இன்னும் இப்படியே இருந்தால் சிறுநீரகம் போய்விடும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், நேரத்துக்குப் போகவேண்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி குடின்றாரும்மா டாக்டரு. குடிச்சா எங்கம்மா போறது?"

தெருவில் சுற்றுகிற உத்தியோகம் எனக்கு. காலையில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற பழக்கம் எனக்கும் உண்டு. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் காலையில் ஆணையர் அறைக்குப் போய் நின்றேன்.

பெண்களுக்கு அதிகமாகவும் ஆண்களுக்குக் கொஞ்சமாகவும் ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்டேன். வழக்கமாக எல்லா இடத்திலும் தலைகீழாகத்தான் கட்டுவார்கள், அதனால் அதற்கே பல பேரோடு சண்டை போட வேண்டியிருந்தது. கடைசியில் அனுமதி கிடைத்தது. இடம்? அந்த வட்டாரத்தில் நமக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கிடங்கு ஒன்றுதான். கிடங்கை இடிக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். சுவரில் அம்மன் இருக்கிறாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் விழாக்குழு கொதித்தது. மறியல் செய்வோம் என்று குமார் சொன்னதாகச் செய்தி வந்தது. அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. எவளுக்காக நான் இத்தனை மேஜைகளில் சண்டை போட்டேனோ, அவளே முதல் ஆளாகக் கூடாது என்றாள்.

ஆணையருக்கு மேலேயிருந்து நெருக்கடி. மாதம் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் இந்தக் கழிப்பறை வேறு ஊருக்குப் போய்விடும். விடியற்காலையில் போலீஸோடு போய் டைலைப் பெயர்த்துவிட்டால் அரை மணி நேர வேலை, மேடம் என்றார். ஆக்கிரமிப்பு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

நான் தறி வீட்டில் பிறந்தவள். பாவு நூலில் சிக்கு விழுந்தால் எங்கள் வீட்டில் யாரும் பிடித்து இழுக்க மாட்டார்கள், உட்கார்ந்து பிரிப்பார்கள். "எடுத்துடலாம் சார். தடுக்க ஆளில்ல. ஆனா அம்மனப் பேத்துட்டுக் கட்டின கக்கூஸ்ல எந்தப் பொம்பளையும் கால் வெக்க மாட்டா. நாம யாருக்காகக் கட்டறோம்?" என்றேன். அவர் அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை அணைத்தார். பிறகு, மாதக் கடைசி வரை உங்கள் பொறுப்பு என்றார். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சரியான உத்தரவு, சரியான சட்டம், கையில் பேனா எல்லாம் தயாராக இருக்கும். கட்டி முடித்த பிறகு அதற்குள் யார் நடந்து வருவார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

சுவருக்குப் போனேன். பவுனு உடம்பு தேறி வந்து உட்கார்ந்திருந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது, பூவுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பூ கட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

"சாமி இருக்கிற எடத்துல கக்கூஸா? வேணாம்மா. நான் அடக்கிக்கினே இருந்துடறேன். இத்தினி வருஷம் இருக்கலியா?"

"இருந்துதான் போன மாசம் சாவப் பாத்த."

"அவ பாத்துப்பா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். "பெரிய பெரிய கோயில்ல கோபுரத்துக்கு வேல செய்யணும்னா கூட, சாமிய பாலாலயம் பண்ணி வேற எடத்துல வெச்சிட்டுத்தான் செய்யறாங்க. அங்கல்லாம் சாமி கோச்சிக்கல. உன் செவுத்தம்மன் மட்டும் எழுந்திரிக்க மாட்டாளா?"

பாலாலயம் என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டாம். ஏதாவது ஒரு கோயிலில் திருப்பணி நடந்துகொண்டேதான் இருக்கும். வேலை நடக்கிற வரைக்கும் சாமியின் சக்தியை மந்திரம் சொல்லி ஒரு சின்ன இடத்துக்கு மாற்றி வைத்து, அங்கேயே பூசை செய்வார்கள். முடிந்ததும் திரும்ப அழைத்து வருவார்கள். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்தே வளர்கிறோம். நான் நக்கலாகத்தான் சொன்னேன். சத்தியமாக எனக்கு அதில் ஒரு திட்டமும் இல்லை.

பவுனுவின் கை நின்றுவிட்டது. பாதி கட்டிய சரத்தை மடியில் வைத்தாள். "இத ஏம்மா மொதல்லயே சொல்லல நீ?" என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா வேல முடிஞ்சா திரும்ப இங்கயே கூட்டியாந்துடணும். அதான் மொறை. வாக்கு குடு."

இங்கேதான் கஷ்டம். கழிப்பறைச் சுவரில் சாமியை வைக்க எந்த ஆணையர் ஒப்புக்கொள்வார்? எனக்கு அந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரம் இல்லாத வாக்கைக் கொடுக்காதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். சரியான பாடம்தான். நான் அவள் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தேன், கை நீட்டினேன், கொடுத்தேன்.

அதற்கப்புறம் குமாரிடம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை, பவுனுவே பேசினாள். பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் பூசாரி நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தார். ஆட்டோ ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். கொத்தனார் உளியோடு வந்தார், அதே கொத்தனார். டைல் உடைந்தால் தெய்வக் குற்றம் என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், எல்லாம் போச்சு. தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். தாராளமாக வைத்த சிமெண்ட்டை அவரே திட்டிக்கொண்டு, தட்டித் தட்டி, முழு டைலாகக் கழற்றிப் பவுனு கையில் கொடுத்தார். கீழ்மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. நான் பார்த்துவிட்டேன், பவுனுவும் பார்த்தாள். கட்டைவிரலால் மஞ்சளை அள்ளி அந்த மூலையில் அப்பிவிட்டு, குலவை போட்டுக்கொண்டே நடந்தாள். அவளைப்போல ஒரு சக ஊழியர் எனக்கு அலுவலகத்தில் கிடைத்ததில்லை.

சுவர் இடிந்தது. கழிப்பறை எழுந்தது. ஓட்டையும் உடைசலுமாக வேலை நடந்த கதையை விட்டுவிடுகிறேன், நீங்களே நிறையப் பார்ப்பீர்கள்.

திறப்பு விழா அன்று வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்துகொண்டே இருந்தார், வரவில்லை. வெயில் ஏறியது. கூட்டத்தில் குமாரும் குழுவும் நின்றார்கள். அவர்கள் இப்போது புதிதாக ஒன்று சொன்னார்கள். அம்மன் திரும்பக் கக்கூஸ் பக்கத்தில் வரக்கூடாது, வேப்பமரத்தடியிலேயே பெரிதாகக் கோயில் கட்டப்போகிறோம் என்று. அந்த மரம் பாதி ரோட்டில் நிற்கிறது. நாளைக்கு அதுவும் ஒரு வழக்காகும். இன்றைக்கு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் மேடம் என்று ஆணையர் என் காதில் சொன்னார். பவுனுவுக்கு நான் கொடுத்த வாக்கு அப்படியே கிடந்தது.

அப்போது பவுனு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. புடவையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எப்பம்மா தொறப்பாங்க?"

"வந்துக்கினு இருக்காராம்."

ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். கழிப்பறை வருகிறதென்று நம்பி, அன்றைக்குக் காலையில் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அது புரிந்த நிமிஷத்தில் பெரிய மனிதர், ஆணையர், கேமராக்காரர்கள் எல்லோரும் என் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். வாசலுக்குப் போய் ரிப்பனை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்தேன். "போ பவுனு" என்றேன். அவள் குனிந்து உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் பட்டுக்கடை விற்பனைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வரிசையே நின்றது. எனக்குக் கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன். ஆணையர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி நின்றுகொண்டு கைப்பேசியில் யாரிடமோ, மெதுவாகவே வாருங்கள், ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பவுனு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கால் கழுவியிருந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி நேராக வேப்பமரத்தடிக்குப் போனாள். கொட்டகைக்குள் குனிந்து டைலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குமார் குறுக்கே வந்து நின்றான். அக்கா, கக்கூஸுகிட்ட வேணாம்க்கா, பாவம் வரும் என்றான்.

"அவளும் பொம்பள தானே குமாரு. ராவும் பகலும் ரோட்டுலயே நிக்கறா. அவளுக்கு மட்டும் ஒதுங்க எடம் வேணாவா? கிட்டயே இருக்கட்டும்பா."

குமார் வழியை விட்டான். ரிப்பன் ஓரம் நின்ற விற்பனைப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழிப்பறை வளாகத்தின் வெளித்தூணில், பெண்கள் பக்கத்து வாசலுக்கு முன்னால், ஒரு மாடம் போல் குழிவு இருந்தது. மின்சாரப் பெட்டி வைக்க விட்ட இடம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். பவுனு அம்மனை அங்கே வைத்தாள். அதைப்பற்றி இன்றுவரை ஆணையர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மின்சாரப் பெட்டி வேறு பக்கம் போனது.

பெரிய மனிதர் வந்தார், ரிப்பனை வெட்டினார், கை தட்டினோம். உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, தரை ஏன் இவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று கேட்டார். கழுவி வைத்திருக்கிறோம் சார் என்றார் ஆணையர்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் பக்கம் காலியாக இருக்கும்போதே அடுத்த தெருவில் போய் நிற்கிற மகராசன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உங்களிடம் விட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றிருக்கிறேன். என் விசிலும் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும், யார் சுவரில் அடிக்கிறார்கள் என்று பார்க்கிற நேரத்தில் பாதியையாவது, யார் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் செலவழியுங்கள். அவர்கள் புகார் கொடுக்க வரமாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போனேன். பவுனு அதே இடத்தில் இருந்தாள், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. சொம்பிலிருந்து கையில் தண்ணீர் வாரி மல்லிகைமேல் தெளித்தாள். அப்புறம் போகிற போக்கில் அந்தச் சொம்பைத் தூக்கி அண்ணாந்து, மீதியை மடமடவென்று குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, எத்தினி மொழம் வேணும்மா என்று கேட்டாள்.